தந்தமில்லாப் பெண் யானைகளும் நெல்லாக நடித்த புல்லும்

மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. கொரொங்கோசா தேசியப் பூங்காவில் இருந்த யானைகளை இரு தரப்புப் படைகளும் சுட்டுத் தள்ளின. தந்தத்தை விற்றால் ஆயுதம் வாங்கலாம். இறைச்சி படைக்குச் சாப்பாடு. போருக்கு முன் சுமார் 2,500 யானைகள் இருந்தன. போர் ஓய்ந்து எண்ணிப் பார்த்தபோது பத்தில் ஒன்றுதான் மிச்சம்.

அந்த மிச்சத்தில் பெண் யானைகள் பாதிக்குப் பாதி தந்தமில்லாதவை. ஆசிய யானையில் பெண்ணுக்கு வெளியே நீளும் தந்தம் கிடையாது என்பதால் இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்குமே தந்தம் உண்டு. தந்தமில்லாமல் பிறக்கும் பெண்கள் சிறு பங்குதான். கொரொங்கோசாவில் போருக்கு முன் அப்படிப்பட்டவை 18.5 சதவீதம். போருக்குப் பின் 50.9.

இது வரைக்கும் வெறும் கணக்குதான். தந்தத்துக்காகச் சுடுகிறவன் தந்தமில்லாத யானைமீது தோட்டாவை வீணாக்க மாட்டான், அதனால் அவை தப்பின. சரி. ஆனால் போர் முடிந்த பிறகு பிறந்த, துப்பாக்கிச் சத்தமே கேட்டிராத இளம் பெண் யானைகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குத் தந்தம் இல்லை. துப்பாக்கிகள் போய்விட்டன, அவை செய்த தேர்வு மட்டும் ரத்தத்தில் தங்கிவிட்டது.

2021-ல் சயன்ஸ் இதழில் இதன் மரபணுக் காரணம் வெளிவந்தது. தந்தமில்லாமைக்கான மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடமிருந்து அதைப் பெறும் மகள் தந்தமில்லாமல் வளர்வாள். மகனுக்குப் போனால் கரு பிழைப்பதில்லை. அதனால்தான் அங்கே தந்தமில்லாத ஆண் யானையைப் பார்க்கவே முடிவதில்லை, தந்தமில்லாத தாய்களுக்குப் பிறக்கும் குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்ணாகவே இருக்கின்றன. யானை தந்தத்தால் மண்ணைத் தோண்டித் தண்ணீர் எடுக்கும், மரப்பட்டையை உரிக்கும். அந்தக் குழியில் தண்ணீர் குடிக்க வருகிற மற்ற உயிர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பதினைந்து வருடத்தில், எந்தத் திட்டமும் இல்லாமல், ஒரு விலங்கின் உருவத்தையே மனிதன் மாற்றியிருக்கிறான்.

வேட்டையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் எத்தனை செத்தன என்றுதான் கேட்கிறோம். எவை செத்தன, எவை மிஞ்சின என்ற கேள்வி எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுகிறது. சிங்கமோ ஓநாயோ பெரும்பாலும் குட்டியை, கிழத்தை, நொண்டியைத்தான் பிடிக்கும். பிடிக்க எளிது, மிதிபடும் ஆபத்தும் குறைவு. மனிதன் தூரத்திலிருந்து கொல்கிறவன். எது பெரியதோ, எது அழகானதோ, எது விலை போகுமோ அதைத்தான் குறிவைப்பான். 2015-ல் வந்த ஓர் உலகளாவிய ஒப்பீடு, வளர்ந்த விலங்குகளை மனிதன் மற்ற வேட்டை விலங்குகளைவிட 14 மடங்கு வரை அதிக விகிதத்தில் கொல்கிறான் என்று காட்டியது. வளர்ந்த விலங்கு என்றால் இனப்பெருக்கம் செய்கிற விலங்கு. சிங்கம் வட்டியைத் தின்கிறது, நாம் அசலிலேயே கைவைக்கிறோம்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ராம் மலை என்று ஓர் இடம். அங்குள்ள பெருங்கொம்பு ஆடுகளை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக ஒவ்வொன்றாக அடையாளம் வைத்து அளந்து வருகிறார்கள். கிடாவின் கொம்பு முழுச் சுருளில் ஐந்தில் நான்கு பங்கு வளர்ந்துவிட்டால் அதைச் சுடலாம் என்பது 1996 வரை அங்கே விதி. கேட்க நியாயமான விதிதான்: குட்டியை விடு, பெரியதை எடு. சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது. கொம்பு வேகமாக வளரும் கிடா நான்கு வயதிலேயே அந்த அளவைத் தொட்டுவிடும். பெரிய கொம்பை வைத்து மற்ற கிடாக்களை முட்டித் தள்ளிப் பெண் ஆடுகளோடு சேர்வதற்கோ இன்னும் சில வருடங்கள் ஆகவேண்டும். ஆக, நல்ல கொம்பு அதற்குப் பலன் தருவதற்கு முன்பே அதன் உயிரை வாங்கிவிடுகிறது. சோம்பலாக வளரும் கொம்புக்காரன் நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறான். சுமார் முப்பது வருடத் தரவை வைத்து, கொம்பு தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்து வருவதாக 2003-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதில் மரபணுவின் பங்கு எவ்வளவு, மேய்ச்சல் நெருக்கடியின் பங்கு எவ்வளவு என்று பெரிய சண்டையே நடந்தது. 1996-ல் விதியை முழுச் சுருளாகக் கடுமையாக்கியதும் சிறுப்பது நின்றது. ஆனால் கொம்பு பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

இதை அப்படியே திருப்பிப் போட்டால் கால்நடை வளர்ப்பு. வளர்ப்பவனும் கொல்கிறான், சொல்லப்போனால் வேட்டைக்காரனைவிட அதிகமாகவே கொல்கிறான். ஆனால் நல்லதைப் பொலிக்கு விட்டுவிட்டு மற்றதை வெட்டுகிறான். வேட்டைக்காரன் நல்லதை வெட்டிவிட்டு மற்றதைப் பொலிக்கு விடுகிறான். இரண்டிலும் நடப்பது ஒன்றே: அடுத்த தலைமுறைக்கு யார் பெற்றோர் என்று மனிதன் முடிவு செய்கிறான். ஒருவனுக்கு அது தெரிந்து நடக்கிறது, இன்னொருவனுக்குத் தெரியாமல்.

தெரிந்து செய்ததற்கு எல்லோரும் காட்டும் சான்று சைபீரிய நரிகள். திமித்ரி பெல்யாயேவ் என்ற சோவியத் மரபியலாளர் 1959-ல் நோவோசிபிர்ஸ்க்கில் இந்தச் சோதனையைத் தொடங்கினார். அன்றாடம் அதை நடத்தியவர் லுட்மிலா த்ரூட். மரபியல் என்று சொன்னாலே வேலை போகும் காலம் அது. ரோமத்துக்கு நரி வளர்ப்பதை மேம்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். சோதனை எளிமையானது. கூண்டுக்குள் கையை நீட்டு. கடிக்க வருகிறதா, மூலையில் ஒடுங்குகிறதா, முகர்ந்து பார்க்கிறதா? பயமும் சீற்றமும் குறைந்தவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்கு விடு. நிறத்தைப் பார்க்காதே, காதைப் பார்க்காதே. நான்காம் தலைமுறையில் ஒரு குட்டி மனிதரைக் கண்டு வாலாட்டியது. எட்டு, பத்துத் தலைமுறைக்குள் தொங்கு காதுகளும் வெள்ளைத் திட்டுகளும் சுருண்ட வாலும் வந்துவிட்டன.

கதை இவ்வளவு சுத்தமாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். அந்த நரிகளின் மூதாதைகள் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ரோமப் பண்ணைகளில் பல தலைமுறை வளர்ந்தவை. நெற்றியில் வெள்ளைத் திட்டு போன்ற சில அடையாளங்கள் அங்கேயே இருந்தன என்று 2019-ல் சிலர் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே காட்டு நரி நாயான கதை என்று இதைச் சொல்வது மிகை. குணத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் குணம் மிக வேகமாக மாறும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் யாருக்கும் மறுப்பில்லை.

இறைச்சிக் கோழியில் அந்தக் குழப்பம்கூட இல்லை. 1957-ல் இருந்த ஒரு வம்சத்தை மாற்றாமல் காப்பாற்றி வைத்திருந்த கனடிய ஆய்வாளர்கள், அதையும் 2005-ன் வணிகக் கோழியையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ஆம் நாள் எடை: பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம். இதற்கு மேல் நான் சொல்ல எதுவுமில்லை.

பயிர்களுக்கு வந்தால், திட்டம் என்று ஒன்று இருந்ததா என்பதே கேள்வியாகிவிடுகிறது. காட்டுக் கோதுமையின் கதிர் முற்றினால் தானாக உடைந்து மணி சிதறும். செடிக்கு அதுதான் நல்லது, விதை பரவ வேண்டுமே. எப்போதாவது ஒரு செடியில் கோளாறு, கதிர் உடையாது. காட்டில் அந்தச் செடிக்கு எதிர்காலமில்லை. ஆனால் அரிவாளோடு ஒருத்தி வருகிறாள் என்று வையுங்கள். சிதறியவை மண்ணோடு போகும். அவள் கையில் கட்டாகச் சேர்பவை பெரும்பாலும் உடையாத கதிர்கள். அடுத்த வருடம் அந்த மணிகளைத்தான் விதைப்பாள். அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, அறுத்தாள், அவ்வளவுதான். உடையாத கதிர் வயல் முழுதும் பரவ ஓராயிரம், ஈராயிரம் ஆண்டுகள் பிடித்தன என்று அகழாய்வில் கிடைத்த கதிர்த் துண்டுகள் காட்டுகின்றன. எவராவது திட்டமிட்டுச் செய்திருந்தால் இவ்வளவு நாள் ஆகியிருக்காது.

இன்னும் வேடிக்கை, நாம் ஒழிக்க நினைத்ததைக்கூட நாமே வளர்த்தெடுத்தது. நிகோலாய் வாவிலோவ் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் கவனித்த விஷயம் இது. ரை என்ற தானியம் முதலில் கோதுமை, பார்லி வயல்களில் களை. களையெடுப்பவர் கண்ணில் மாட்டாமல் தப்பியவை கோதுமையைப் போல இருந்த ரைச் செடிகள். தூற்றும்போது பதரோடு பறக்காமல் தப்பியவை கோதுமை மணி அளவுக்குக் கனத்த ரை மணிகள். கதிர் உடையாத ரைதான் களத்துக்கு வந்து மறுபடி விதைக்கப்பட்டது. இப்படி ஒவ்வொரு கட்டத்திலும் மனிதனிடமிருந்து தப்பித்துத் தப்பித்தே ரை ஒரு நல்ல தானியமாக ஆகிவிட்டது. குளிரும் மண்ணும் கோதுமைக்கு ஒத்துவராத வடக்கு நிலங்களில் கோதுமை படுத்துவிட, களை நின்றது. அப்புறம் அதையே பயிராக்கிக்கொண்டார்கள்.

நெல் வயலில் இதே நாடகத்தைக் குதிரைவாலியின் உறவான ஒரு புல் நடத்துகிறது. வயலுக்கு வெளியே அது படர்ந்து வளரும், அடித்தண்டு சிவந்திருக்கும். வயலுக்குள் வாழும் வகையோ இளம் பருவத்தில் நிமிர்ந்து நிற்கும், அடித்தண்டு பச்சை, பக்கத்து நெற்பயிரோடு வைத்தால் பழகிய கண்ணுக்கே தடுமாறும். பூக்கும்போதுதான் குட்டு உடையும், அதற்குள் காரியம் முடிந்துவிடும். யாங்சே ஆற்றுப் படுகையில் இந்த வேடம் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உருவானது என்று 2019-ல் மரபணு ஆய்வு ஒன்று கணக்கிட்டது. குனிந்து களை பறித்த எத்தனையோ தலைமுறைப் பெண்களும் ஆண்களும் தங்கள் பார்வைக் கூர்மையாலேயே அந்தப் புல்லை நெல்லாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

சீனாவின் ஹெங்துவான் மலைகளில் ஃபிரிட்டிலேரியா டெலவாயி என்ற சிறு செடி இதற்கு எதிர்ப்பக்கம். அதன் கிழங்கு இருமல் மருந்து. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தோண்டுகிறார்கள். மனிதர் எளிதில் ஏறிப் போகும் சரிவுகளில் அதன் இலையும் பூவும் கல்லோடு கல்லாகச் சாம்பலும் பழுப்புமாக இருக்கின்றன. ஆள் போக முடியாத இடங்களில் பச்சைப் பசேலென்று நிற்கிறது. அந்தச் செடிகளை மேயும் விலங்கு எதையும் ஆய்வாளர்களால் அங்கே காண முடியவில்லை. அது ஒளிவது நம்மிடமிருந்துதான். இந்தச் செடிகளின் படங்களைக் கணினித் திரையில் காட்டி ஆட்களைத் தேடச் சொன்னபோது, அதிகம் தோண்டப்பட்ட இடத்துச் செடிகளைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆனது.

கோதுமைதான் மனிதனை வசப்படுத்தி அடிமையாக்கியது என்று சொல்வது கொஞ்ச காலமாகப் பிரபலமாகிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதிலும் பழைய கோளாறுதான் இருக்கிறது: யாரோ ஒருவர் திட்டமிட்டார் என்ற எண்ணம், ஆள் மட்டும் மாறியிருக்கிறார். கோதுமைக்கும் திட்டமில்லை, அறுத்தவளுக்கும் திட்டமில்லை. அருகருகே வாழ்ந்தார்கள், ஒருவர் செய்ததில் மற்றவரின் பிள்ளைகள் வடிகட்டப்பட்டார்கள்.

நம் பிள்ளைகளும்தான். பாலூட்டிகளில் தாய்ப்பால் குடி முடிந்ததும் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். இன்றும் உலகில் வளர்ந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அப்படித்தான். மீதிப்பேருக்கு அது ஆயுள் முழுக்கச் சுரப்பது, மாடு வளர்த்த கூட்டங்களில் பரவிய மரபணு மாற்றத்தால். ஐரோப்பாவில் ஒரு மாற்றம், கிழக்கு ஆப்பிரிக்க மேய்ச்சல் மக்களிடம் வேறு மாற்றங்கள். தனித்தனியாகத் தோன்றி ஒரே இடத்தில் வந்து நின்றவை. பால் குடித்ததால் மாற்றம் பரவியது என்று நேர்க்கோடு போட்டுவிடவும் முடியாது. ஐரோப்பியர்கள் இந்த மாற்றம் பரவலாவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பாலைப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பானை ஓடுகளில் ஊறிய கொழுப்பு சொல்கிறது. பஞ்சமும் நோயும் வந்த காலங்களில், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிற்றுப்போக்கே உயிருக்கு உலையாகி, ஒத்துக்கொண்டவர்கள் தப்பியிருக்கலாம் என்பது 2022-ல் முன்வைக்கப்பட்ட விளக்கம். எனக்கு அது நம்பும்படி இருக்கிறது.

நாயும் நம்மோடு சேர்ந்து மாவுச்சத்துக்கு மாறியது. மாவைச் செரிக்கும் நொதிக்கான ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள். நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது வரை. மாவுணவு அதிகம் உண்ணும் மனிதக் கூட்டங்களிலும் எச்சிலில் உள்ள இதே வகை நொதிக்கான பிரதிகள் கூடியிருக்கின்றன. ஒரே எச்சில் சோறு இரண்டு இனத்தையும் ஒரே பக்கம் தள்ளியிருக்கிறது. தட்டம்மையும் மாட்டோடு கொண்ட உறவில் வந்த சீர்தான். மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற வெக்கை நோயின் வைரஸும் அதுவும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை. வெக்கை நோயை 2011-ல் உலகத்திலிருந்தே ஒழித்தாயிற்று. நம்மிடம் வந்த கிளை இன்னும் இருக்கிறது.

ஜெர்மனியின் பான் நகரை ஒட்டிய ஓபர்காசலில் 1914-ல் கல்குவாரித் தொழிலாளர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், ஒரு நாய்க்குட்டி. சுமார் 14,000 ஆண்டுகள் பழையது. நூறு வருடம் கழித்து அந்தக் குட்டியின் பற்களை ஆராய்ந்தபோது, நான்கு, ஐந்து மாத வயதில் அதற்கு டிஸ்டம்பர் என்ற கொடிய வைரஸ் நோய் அலையலையாக வந்து போனது எனாமலில் கோடுகளாகப் பதிந்திருந்தது தெரிந்தது. காய்ச்சல், வாந்தி, பேதி, அப்புறம் வலிப்பு என்று போகும் நோய். யாராவது கதகதப்பாக வைத்து, தண்ணீர் கொடுத்து, சுத்தம் செய்யாமல் அந்தக் குட்டி முதல் அலையையே தாண்டியிருக்காது. கடைசியில் ஏழு மாதம்கூட முழுதாக வாழவில்லை. அந்த நிலையில் வேட்டைக்கோ காவலுக்கோ அதனால் எந்தப் பயனும் இருந்திருக்க முடியாது. வளர்ப்பு விலங்கு என்றால் பயன்பாடுதான் அடிப்படை என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் இந்தக் குட்டியைத்தான் காட்டுவேன்.

இதுவரை சொன்னது மரபணு வழியாக, தலைமுறைகள் கடந்து நடப்பது. கண்முன்னே நடப்பதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வட பசிபிக்கில் புதுப்புதுப் பகுதிகளுக்குள் நுழைந்தன. அந்தக் கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்தால், ஒரு பகுதிக்குள் போன இரண்டரை வருடத்துக்குள்ளேயே எண்ணெய்த் திமிங்கிலத்தை ஈட்டியால் குத்தும் வெற்றி 58 சதவீதம் சரிந்திருக்கிறது. எண்ணிக்கை குறைந்ததோ ஆட்களின் திறமை குறைந்ததோ இதை விளக்கப் போதவில்லை. திமிங்கிலங்கள் கற்றுக்கொண்டன, ஒன்றிடமிருந்து ஒன்று. கொலைத் திமிங்கிலம் வந்தால் வட்டம் கட்டி நின்று எதிர்ப்பது அவற்றின் வழக்கம். ஈட்டிக்காரனுக்கு அந்த வட்டம் விருந்து. ஆகவே பழக்கத்தை மாற்றிக்கொண்டு, பாய்மரப் படகால் நேராகத் துரத்த முடியாதபடி காற்றை எதிர்த்து நீந்தின என்கிறார்கள்.

கென்யாவின் அம்போசெலியில் யானைகள் இன்னும் நுட்பமானவை. அங்கே மாசாய் ஆண்கள் சில நேரம் யானையை ஈட்டியால் தாக்குவார்கள், கம்பா விவசாயிகளால் அந்த ஆபத்து குறைவு. யானைக்கூட்டம் வருகிறது பார் என்ற ஒரே வாக்கியத்தை இரு மொழியிலும் பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். மாசாய் ஆணின் குரலுக்கு யானைகள் நெருங்கி அணைந்து நின்று துதிக்கையை உயர்த்தி மோப்பம் பிடித்தன. கம்பா ஆணின் குரலுக்கு அவ்வளவாக இல்லை. மாசாய்ப் பெண்ணோ சிறுவனோ பேசினாலும் அவ்வளவாக இல்லை. எந்த மனிதர், எந்த மொழி, ஆணா பெண்ணா, வளர்ந்தவரா என்பது வரை கணக்கு வைத்திருக்கின்றன.

பயத்துக்கு நேர் எதிராக ஒன்று. மொசாம்பிக்கின் நியாசா பகுதியில் யாவோ மக்கள் தேன் எடுக்கப் போகும்போது 'ப்ர்ர்ர்-ஹ்ம்' என்று ஒரு குரல் கொடுப்பார்கள். தேன்காட்டிப் பறவை வந்து கீச்சிட்டுக்கொண்டே மரத்துக்கு மரம் தாவி, தேன்கூட்டுக்கு அழைத்துப் போகும். அவர்கள் புகை போட்டு, கோடரியால் பொந்தைத் திறந்து தேனை எடுப்பார்கள், மெழுகு பறவைக்கு. வேறு ஒலி எழுப்பிப் போனால் கூட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப்படும் வாய்ப்பு 16 சதவீதம், இந்தக் குரலோடு போனால் 54 என்று 2016-ல் அளந்தார்கள். இந்தப் பறவை குயிலைப் போல அடுத்தவர் கூட்டில் முட்டையிடுவது. ஆகவே குஞ்சுக்கு வழிகாட்டும் வித்தையைச் சொல்லிக்கொடுக்கத் தாயே பக்கத்தில் கிடையாது. மனிதரை நாடும் உந்துதல் பிறவியிலேயே இருந்து, அந்தந்த ஊர்க் குரலை மட்டும் பழகிக்கொள்கிறது போல. கூண்டில்லை, கயிறில்லை, யாரும் யாரையும் வளர்க்கவில்லை.

மீன்பிடிப்பில் இதெல்லாம் வயிற்றுப் பிரச்சினையாகிறது. வலையின் கண் ஒரு சல்லடை: சிறியது தப்பும், பெரியது மாட்டும். சீக்கிரம் முட்டையிட்டு, சிறிதாகவே இருந்துவிடும் மீனுக்கு அதில் லாபம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் அடியோடு சரிந்து 1992-ல் மீன்பிடிப்பையே நிறுத்தினார்கள். மீன்கள் இளவயதிலேயே, சிறிய உடலோடே முதிர்ச்சியடைவது சரிவுக்கு முன்பே தரவில் தெரிந்திருக்கிறது. 2004-ல்தான் அதைத் தோண்டி எடுத்தார்கள். பெரிய தாய் மீனை இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு: 30 கிலோ எடையுள்ள ஒரே காட் மீன், தலா 2 கிலோ எடையுள்ள 28 மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடும்.

டேவிட் கோனோவரும் ஸ்டீஃபன் மன்ச்சும் சில்வர்சைடு என்ற சிறு மீனைத் தொட்டிகளில் வளர்த்துப் பார்த்தார்கள். சில தொட்டிகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் மீன்களில் பெரிய 90 சதவீதத்தை எடுத்தார்கள், சிலவற்றில் சிறிய 90 சதவீதத்தை. நான்கே தலைமுறையில் இரண்டு வகைத் தொட்டிகளுக்கும் சராசரி எடை ஏறத்தாழ இரு மடங்கு வித்தியாசம். பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். சிறுத்த மீன்கள் மெல்லப் பெருக்கத் தொடங்கின. பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பச் சுமார் 12 தலைமுறை ஆகும் என்று கணக்கிட்டார்கள். சில்வர்சைடுக்குத் தலைமுறை என்பது ஒரு வருடம். காட் மீன் முட்டையிடவே ஐந்து, ஆறு வருடம் ஆகும்.

சிறியதையும் விடு, மிகப் பெரியதையும் விடு, நடுவில் உள்ளதை மட்டும் எடு என்ற விதி சில மீன்களுக்குச் சில இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. தூண்டிலில் அது சாத்தியம். பெரிய மீனை அலுங்காமல் வெளியே விடும் இழுவலையைச் செய்வது லேசுப்பட்ட காரியமில்லை. 2024 ஜூனில் கனடா அரசு அந்தக் காட் மீன்பிடிப்பை 18,000 டன் வரம்போடு மறுபடி திறந்தது. 1968-ல் ஒரே வருடத்தில் அங்கே பிடித்தது 8 லட்சம் டன்னுக்கு மேல். தடை விதித்ததிலிருந்து திறந்தது வரை 32 வருடம். காட் மீனுக்கு அது ஐந்தாறு தலைமுறை.